கிணற்றை ஆழமாக்காதீர்கள்: முந்திரிகைத் தோட்டத்தில் சேரும் உப்பு

வாசகர் கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கோப்பாயில் அப்பா விட்டுப்போன எட்டுப் பரப்புத் தோட்டம் எங்களுக்கு இருக்கிறது, தம்பி பார்த்துக்கொள்கிறார். பதின்மூன்று வருடங்களுக்கு முன் இஸ்ரேல் ப்ளூ முந்திரிகை (திராட்சை) நட்டுப் பந்தல் போட்டோம். நல்ல விளைச்சல் கண்ட தோட்டம். நான்கு வருடங்களுக்கு முன், மெல்பேர்னில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் சொட்டு நீர்ப்பாசனம் பொருத்தினோம். தண்ணீரும் மின்கட்டணமும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஆனால் கடந்த இரண்டு வருடங்களாக ஆவணி வந்தால் இலை விளிம்புகள் கருகுகின்றன, பழம் சிறுத்துப் போகிறது, கொடியைச் சுற்றி மண்ணில் வெள்ளைப் பூச்சுத் தெரிகிறது. கிணற்று நீரின் உப்பைத் தம்பி மின்கடத்துதிறன் மீற்றரில் அளந்தார்: தை மாதம் 900, ஆவணியில் 1,900. ஆவணியில் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம்; 0.35 என்று வந்தது, உப்புப் பிரச்சினை இல்லை என்றார்கள். கிணற்றுக்குள் குழாய் அடித்து ஆழத்து நீரை எடுக்கலாம் என்கிறார் தம்பி. ஜிப்சம் போடச் சொல்கிறான் மகன். கொடியைப் பிடுங்கிவிட்டு வாழை வையுங்கள் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். சொட்டு நீர்ப்பாசனம்தான் தோட்டத்தைக் கெடுத்ததா? யார் சொல்வதைக் கேட்பது?

பதில்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

இதை வாசித்து முடித்ததும் தம்பிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். குழாய் அடிக்க ஆளைப் பேசியிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகச் செய்யலாம். ஆனால் கிணற்றை ஆழமாக்கினால் அதைத் திருத்துவது மிகக் கடினம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் ஆறோ ஏரியோ தந்தது அல்ல. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால்தான் அது அங்கே நிற்க முடிகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்துப் புரியும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் கீழே இருக்கும் உப்புநீர் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நீங்கள் மாணவர்களுக்கே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். உங்கள் தோட்டமோ கோப்பாயில், கைதடிப் பக்கமாக உப்பாறு கிடக்கும் ஊரில் இருக்கிறது. அங்கே ஆழத்துக்குக் குழாய் இறக்குவது, நீங்கள் விலகி நிற்கவேண்டிய உப்புநீரைத் தேடிப்போவதாகும். தை மாதம் 900 காட்டிய கிணறு ஆவணியில் 1,900 காட்டுவதே அந்த உப்புநீர் ஏற்கெனவே மேலெழத் தொடங்கிவிட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். குழாய் அடித்த பிறகு உயரும் அந்த எண், மாரிக்குப் பின்னும் இறங்காமல் போகக்கூடும்.

இனி மண்ணுக்கு வருவோம்.

எந்தக் கிணற்று நீரிலும் உப்பு உண்டு. கொடி நீரை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறது. உப்பின் மிகப் பெரும்பகுதியை வேரருகே விட்டுவிடுகிறது. வெயிலும் நீரைத்தான் எடுத்துச் செல்கிறது. வெள்ளவத்தை வீட்டுக் கேத்தலையும் கோப்பாய் வீட்டுக் கேத்தலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கொழும்புக் குழாய்நீரில் கொதிக்கும் கேத்தலின் அடி பல மாதங்களுக்குச் சுத்தமாக இருக்கும், ஊர்க் கிணற்று நீர் கொதிக்கும் கேத்தலில் வெள்ளைப் படிவு சீக்கிரமே தடித்துவிடும். பந்தலின் கீழே நடப்பதும் அதுதான்.

எவ்வளவு சேர்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம், கணக்கு எளிது. தம்பியின் மீற்றர் காட்டும் 1,000 என்பது ஒரு லீற்றரில் ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு. 900க்கும் 1,900க்கும் நடுவே 1,400 என்று எடுத்தால் லீற்றருக்கு 0.9 கிராம். ஒரு பரப்பு 253 சதுர மீற்றர். கோடைகாலம் முழுவதும் 500 மில்லிமீற்றர் அளவுக்கு இறைத்தீர்கள் என்று வைத்துக்கொண்டால் பரப்புக்குச் சுமார் 126,000 லீற்றர் நீர். அதோடு வருவது 110 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட உப்பு. இரண்டு மூட்டை யூரியாவின் எடையைவிட அதிகம். எட்டுப் பரப்புக்கும் சேர்த்தால் ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. ஒவ்வோர் இறைப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வந்தது. இதில் ஒரு பகுதி சுண்ணமாகப் படிந்துவிடும். அது வேருக்குப் பெரிய தீங்கு செய்யாது, ஆனால் உங்கள் சொட்டுக் குழாயின் துளைகளை அடைக்கும். ஒரு கொடிக்கு நிறைய நீரும் அடுத்த கொடிக்குக் குறைவாகவும் போவது அப்படித்தான் தொடங்குகிறது. ஆகவே துளைகளை ஒருமுறை வரிசையாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சொட்டு நீர்ப்பாசனமா கெடுத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆனால் அதற்கு இதில் பங்கு உண்டு, அதை விளங்கிக்கொள்வது முக்கியம்.

முன்பு வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கட்டினீர்கள். கொடி குடித்தது போக மிச்சம் வேரைத் தாண்டிக் கீழே இறங்கியது. எல்லோரும் அதை வீண் என்று சொன்னோம். துறை சார்ந்தவர்களும் சொன்னோம். ஆனால் அந்த மிச்ச நீர் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது: சேர்ந்த உப்பைக் கரைத்து வேருக்கு எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோனது. சொட்டு முறையில் கொடிக்குத் தேவையான அளவு மட்டும் கொடுக்கிறீர்கள். உப்பு நனைந்த வட்டத்தின் ஓரத்துக்கும் மேற்பரப்புக்கும் தள்ளப்பட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. நீங்கள் பார்த்த வெள்ளைப் பூச்சு அந்த ஓரம்தான். நீரை மிச்சம்பிடித்தபோது, உப்பைக் கழுவிய பங்கையும் சேர்த்து மிச்சம்பிடித்துவிட்டீர்கள். அதற்காகக் குழாய்களைக் கழற்ற வேண்டாம். பழைய அளவுக்கு இறைத்தால் உங்கள் கிணறு தாங்காது. சொட்டு முறையை வைத்துக்கொண்டே கழுவும் பங்கைத் திரும்பக் கொடுக்கும் வழிதான் நமக்கு வேண்டும்.

அதற்கு முன் அந்த 0.35. இந்த எண்ணைப் பார்த்து உப்பில்லை என்று சொன்னவர் தவறான அட்டவணையோடு ஒப்பிட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். மண்ணில் உப்பை அளக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஒரு பங்கு மண்ணை ஐந்து பங்கு நீரில் கரைத்து மின்கடத்துதிறன் பார்ப்பது. இலகுவானது, பெரும்பாலும் செய்யப்படுவது. மற்றது, மண்ணைக் குழம்பாகும் வரை மட்டும் நனைத்து அதிலிருந்து பிழிந்தெடுத்த நீரை அளப்பது. பயிர் எவ்வளவு உப்பைப் பொறுக்கும் என்று சொல்லும் அட்டவணைகள் எல்லாம் இரண்டாவது முறைக்கு எழுதப்பட்டவை. ஐந்து பங்கு நீரில் கரைத்து வந்த எண்ணை, மண்ணின் தன்மையைப் பார்த்து 6 முதல் 14 வரையான ஓர் எண்ணால் பெருக்கினால்தான் அட்டவணையோடு ஒப்பிடலாம். உங்கள் செம்பாட்டு மண்ணுக்கு 9 அல்லது 10 என்று வைத்தால், 0.35 என்பது 3.2க்கும் 3.5க்கும் இடையில் வந்து நிற்கிறது.

முந்திரிகை பொறுக்கும் எல்லை மீற்றருக்கு 1.5 டெசிசீமன்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு, உங்கள் 0.35உம் இதே அலகில்தான்). அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறக்குறைய 9.6 வீதம் குறையும் என்பது 1977இல் மாஸ், ஹொஃப்மன் இருவரும் தொகுத்த அட்டவணையில் இருக்கிறது. உலகம் முழுவதும் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். உங்கள் கணக்குக்கு அது ஆறில் ஒரு பங்கு விளைச்சல் இழப்பு. ஆகவே உங்கள் கண் பார்த்தது சரி. பரிசோதனை அறிக்கையை வாசித்த விதம்தான் பிழை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிளகாயும் வெங்காயமும் ஒரு போகத்தோடு முடிந்துவிடும். முந்திரிகை வருடக்கணக்காக நிற்கும் கொடி. குளோரைட்டும் சோடியமும் அதன் தண்டிலும் வேரிலும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஐந்தாம் வருடத்தில் தாங்கிய உப்பைப் பதின்மூன்றாம் வருடத்தில் தாங்காமல் போகலாம். இலை விளிம்பு கருகுவது பெரும்பாலும் குளோரைட்டின் வேலை. பொற்றாசியம் குறைந்தாலும் விளிம்பு கருகும் என்பதால், அடுத்த முறை பூக்கும் வேளையில் பூங்கொத்துக்கு எதிரே உள்ள இலைகளின் காம்புகளைச் சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குளோரைட் 0.5 வீதத்தைத் தாண்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது.

உப்பு ஒரே சீராக ஏறுவதில்லை. மாசியிலிருந்து புரட்டாதி வரை ஏறும், ஐப்பசியில் மழை பிடித்ததும் இறங்கும், மறுபடி ஏறும். குடாநாட்டுக்கு வருடத்தில் கிடைக்கும் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொட்டிவிடுகிறது. பொதுவான ஒரு கணக்கு இருக்கிறது: எவ்வளவு ஆழத்து மண்ணைக் கழுவ வேண்டுமோ அவ்வளவு உயரத்துக்கு நல்ல நீர் அதனூடாக இறங்கினால், கரையும் உப்பில் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். வேர் இருக்கும் 60 சென்ரிமீற்றர் மண்ணுக்கு 600 மில்லிமீற்றர் மழை. ஒரு நல்ல மாரி அதைத் தானாகவே தருகிறது. இப்படியொரு கொடை உலகத்தின் பல முந்திரிகைத் தோட்டங்களுக்கு இல்லை. ஆகவே ஆவணியில் அளந்த ஓர் எண்ணை வைத்துத் தோட்டத்தின் தலைவிதியை முடிவுசெய்யாதீர்கள். ஆவணியில் எல்லாத் தோட்டமும் உப்பாகத்தான் இருக்கும். தை மாதத்தில், மழை ஓய்ந்து மண் வடிந்த பிறகு, அதே இடத்தில் அளந்த எண் என்ன? அடுத்த தையில் என்ன? தை எண் வருடா வருடம் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிறது என்றால், உங்கள் பிரச்சினை கோடையைச் சமாளிப்பது மட்டுமே. தை எண்ணே படிப்படியாக ஏறுகிறது என்றால் உப்பு உண்மையாகவே சேர்கிறது. அப்போது கடுமையான முடிவுகள் தேவைப்படும். இந்த இரண்டு நோய்களும் ஆவணியில் ஒரே முகத்தைத்தான் காட்டும்.

மழை பெய்தால் போதாது, அது உள்ளே இறங்க வேண்டும். சொட்டுக் குழாய் போட்டபோது பல தோட்டங்களில் பாத்தி வரம்புகளை மட்டப்படுத்திவிட்டார்கள். கொடிவரிசையை மேடாகவும் அணைத்துவிட்டார்கள். மழை மேட்டிலிருந்து வழிந்து நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கிப்போகிறது. கழுவப்படவேண்டிய வேர்ப்பகுதி நனைந்ததோடு சரி. புரட்டாதி முடிவதற்குள் தம்பி செய்யவேண்டியது, வரிசையோரம் இறுகிய மேல்மண்ணை வேர் வெட்டுப்படாமல் இலேசாகக் கொத்திவிட்டு, வரம்புகளை மறுபடி கட்டி, மழைநீரைப் பந்தலுக்குள்ளேயே நிறுத்துவது. செம்பாட்டு மண் நீரை வேகமாக உள்ளே விடும், ஆகவே வேர் அழுகும் என்று பயப்பட வேண்டாம். ஓரிரு நாளுக்கு மேல் நீர் நின்றால் மட்டும் ஒரு பக்கத்தை வெட்டிவிடுங்கள்.

முதல் மழையில்தான் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. மாரி தொடங்கும்போது சிறு தூறலாக ஐந்து, பத்து மில்லிமீற்றர் விழும். அந்த மழைக்கு உப்பை ஆழத்துக்குக் கொண்டுபோகப் பலம் போதாது. நனைந்த வட்டத்தின் ஓரத்திலும் மேலேயும் ஒதுங்கியிருந்த உப்பைக் கரைத்து நேரே வேருக்குள் தள்ளிவிடும். வானம் இருட்டிவிட்டது என்று மோட்டாரை நிறுத்துவார்கள். மூன்றாம் நாள் கொடி வாடும். ஏதோ நோய் என்று மருந்து அடிப்பார்கள். சிறு தூறல் விழும்போது சொட்டு நீரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். பெருமழை பிடித்து மண் ஆழத்துக்கு நனைந்த பிறகு நிறுத்தலாம்.

கோடையில் கழுவும் பங்கு எவ்வளவு? உங்கள் சராசரி 1,400 நீருக்குக் கணக்குப் போட்டால், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் ஊற்றும் நீரில் எட்டில் ஒரு பங்கு வேரைத் தாண்டி இறங்க வேண்டும். எதையும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்றால் நாலில் ஒரு பங்கு. என் கருத்து, பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுங்கள். அந்தக் கடைசிப் பங்கு விளைச்சலுக்காகக் கிணற்றைக் கசக்குவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. அந்த எட்டில் ஒரு பங்கையும் வருடம் முழுவதும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டாம். கிணறு 900 காட்டும் மாசி, பங்குனியில் சில தடவைகள் நீண்ட நேரம் ஓடவிட்டு ஆழம்வரை நனையுங்கள். ஆவணியில் 1,900 நீரால் கழுவப் பார்க்காதீர்கள். கழுவுவதைவிடக் கொண்டுவந்து சேர்ப்பது அதிகமாக இருக்கும், கிணற்று மட்டமும் இறங்கும். இதற்குப் பொருந்த, கத்தரிக்கும் காலத்தையும் யோசிக்கலாம். கத்தரித்ததிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய நான்கு மாதங்கள். மாரி ஓய்ந்ததும் வரும் போகத்தை முழுமையாக எடுங்கள். மழை பொய்த்த வருடங்களில் ஆவணி நோக்கிப் போகும் இரண்டாம் போகத்தில் குலைகளைப் பாதியாகக் குறைத்து, கொடியின் தாகத்தையும் குறையுங்கள். வருமானம் குறையும் என்று தம்பி சொல்வார். சொல்வது உண்மைதான். ஆனால் இலை கருகிய கொடியில் பழுக்கவைத்த சிறுத்த பழம் சந்தையில் என்ன விலைக்குப் போயிற்று என்று அவரிடமே கேளுங்கள்.

மண்ணிலிருந்து இறங்கிய உப்பு எங்கே போகிறது? இதுதான் குடாநாட்டின் உண்மையான சிக்கல். வேறு இடங்களில் அது ஆற்றுக்குப் போகும், கடலுக்குப் போகும். உங்கள் தோட்டத்தில் அது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, நீங்கள் இறைக்கும் அதே நீரோடு சேர்கிறது. போட்ட உரத்தின் நைத்திரேற்றும் அதே வழியில் போகிறது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். மகனிடம் தென் அவுஸ்திரேலியாவின் பட்தவே பகுதியைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் சுண்ணக்கல், அங்கேயும் ஆழமில்லாத நிலத்தடி நீர், அதை இறைத்து வளர்த்த முந்திரிகைத் தோட்டங்கள். இறைத்த நீர் உப்பைக் கழுவிக்கொண்டு அதே நீருக்குத் திரும்ப, நிலத்தடி நீர் காலப்போக்கில் உவரேறிய வரலாறும் அங்கே இருக்கிறது. கோப்பாய்க்கு அதைவிடப் பெரிய மழை கிடைக்கிறது, அது நம் பலம். ஆனால் வட்டம் அதே வட்டம். ஆகவே இரண்டு விடயங்கள். ஒன்று, இறைக்கும் வேகம். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறும் வேகத்தை மனிதனால் மிஞ்ச முடியவில்லை. மோட்டார் நிமிடத்துக்குச் சில நூறு லீற்றர் இழுத்து, கிணற்றடியில் உப்புநீரைக் கூம்புபோல மேலெழுப்புகிறது. சிறிய மோட்டாரால் தாங்கியில் மெதுவாக ஏற்றி, காலையும் மாலையும் பிரித்து, இடையில் கிணற்றை ஊறவிடுங்கள். உறிஞ்சும் குழாயின் வாயை அடியில் போடாமல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஒரே நாளில் இறைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் மீற்றரில் அளந்து பாருங்கள்; முடிவில் எண் கூடினால் வேகம் அதிகம் என்று பொருள். மற்றது உங்கள் வேலிக்கு வெளியே இருக்கிறது: அயலில் தூர்ந்துபோன குளமோ கேணியோ இருந்தால் அதைத் தூர்வார ஊரைச் சேருங்கள். அங்கே தேங்கி இறங்கும் மழைநீர்தான் அடுத்த ஆவணியில் உங்கள் கிணற்றின் எண்ணை இறக்கும். கமநல சேவை நிலையத்திலும் இதைக் கேட்கலாம்.

ஜிப்சம் பற்றி மகன் சொன்னது அங்கே அவர் கேள்விப்பட்ட அளவில் சரி. அவுஸ்திரேலியாவின் பல தோட்ட மண்களில் சோடியம் களியோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்குகிறது. ஜிப்சத்தின் கல்சியம் அந்தச் சோடியத்தை இடம்பெயர்க்கும். உங்கள் மண் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது, கிணற்று நீரிலும் கல்சியம் இருக்கிறது. ஜிப்சம் உப்பை அகற்றாது. அதுவே ஓர் உப்பு. கழுவ நீரில்லாத காலத்தில் போட்டால் இருக்கும் சுமையோடு இன்னொரு சுமை. தேவையா என்று அறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தோட்டத்திலிருந்து காய்ந்த சிறு மண்கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடிக் குவளையில் பிடித்த மழைநீரில் மெதுவாகப் போடுங்கள், கலக்காதீர்கள். சில மணிநேரத்தில் கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் ஜிப்சம் வேண்டியதில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் படர்ந்தால் சோடியம் வேலை செய்கிறது. அப்போது ஆய்வுகூடத்தில் சோடியம், கல்சியம், மக்னீசியம் மூன்றையும் அளந்து, அளவு தெரிந்துகொண்டு மாரிக்கு முன் போடலாம்.

உரத்திலும் உப்பு வருகிறது. பொற்றாசியத்துக்காகப் போடும் எம்.ஓ.பி. (பொற்றாசியம் குளோரைட்) உரத்தின் எடையில் ஏறக்குறைய 47 வீதம் குளோரைட். இலை விளிம்பு கருகும் தோட்டத்தில் அதைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். விலை கூடினாலும் பொற்றாசியம் சல்பேற்றுக்கு மாறுங்கள். கோழியெரு நல்லதுதான், ஆனால் உப்பு மிகுந்தது. கோடையில் வேண்டாம், மாரிக்கு முன் அளவோடு போதும். எனக்கு மிகவும் பிடித்தது நம் முன்னோர் செய்த வேலை, பனையோலை தாட்பது. ஓலை உக்கி மண்ணைத் திறக்கும், மழை உள்ளே இறங்கும். மேலேயும் ஓலையோ வைக்கோலோ பரப்பிவிட்டால் வெயில் நீரை உறிஞ்சுவது குறையும், உப்பு மேலேறுவதும் குறையும்.

பக்கத்துத் தோட்டக்காரரின் வாழை யோசனையை அன்போடு மறுத்துவிடுங்கள். வாழை உப்பை முந்திரிகையைவிடக் குறைவாகவே பொறுக்கும். கருகும் இலை பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். தை எண் ஏறிக்கொண்டே போய் முந்திரிகையைக் கைவிடும் நிலை வந்தால், மாதுளையைப் பற்றிப் பேசுவோம். அதற்கு முன் இன்னொரு படி உண்டு. உங்கள் கொடிகள் அநேகமாக வெட்டுத்துண்டிலிருந்து வளர்ந்து சொந்த வேரில் நிற்பவை. றம்சி, 110ஆர், 1103 போல்சன் போன்ற வேர்த்தண்டுகள் குளோரைட்டை மேலே ஏறவிடாமல் பெரிதும் தடுப்பவை. இவற்றின்மேல் ஒட்டிய கன்றுகளைப் பட்டுப்போன கொடிகளின் இடத்தில் நடலாம். எங்கே பெறலாம் என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் மூலம் விவசாயத் திணைக்களத்தில் கேளுங்கள். மகன் விடுமுறைக்கு வரும்போது பெட்டிக்குள் தண்டு வைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் கொண்டுவர முடியாது. சட்டம் ஒருபக்கம் இருக்க, விக்டோரியா மாநிலத்தின் சில பகுதிகளில் முந்திரிகை வேரை அழிக்கும் பில்லொக்சராப் பூச்சி இருக்கிறது. ஒரு தண்டோடு அது வந்து சேர்ந்தால் குடாநாட்டின் எந்தப் பந்தலும் தப்பாது.

வரும் புரட்டாதியில் மழைக்கு முன் ஒருமுறையும் தையில் மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் மண் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே கொடியருகே இரண்டு இடம்: நீர் சொட்டும் துளைக்கு நேர்கீழே ஒன்று, இரண்டு துளைகளுக்கு நடுவே ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் மேல் 30 சென்ரிமீற்றர் தனியாக, அடுத்த 30 தனியாக; கல் எட்டினால் அங்கே நிறுத்தலாம். வெள்ளைப் பூச்சைச் சுரண்டி மாதிரியோடு கலக்க வேண்டாம். பைகளில் திகதி, இடம், ஆழம் எழுதுங்கள். மாதிரி கொடுக்கும்போது எந்த முறையில் அளக்கிறார்கள் என்று கேட்டு அறிக்கையிலேயே எழுதி வாங்குங்கள். அதே நாட்களில் கிணற்று நீரையும் அளக்கச் சொல்லுங்கள். தையில் அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த வரிசையில் எவ்வளவு நேரம் மோட்டார் ஓட வேண்டும் என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.